‘டிபி குணமாயிடுச்சு, சளி மட்டும் ஏன் நிக்கல?’ - மூச்சுக்குழாய் விரிவு நோய்: தெரிந்துகொள்ள வேண்டியவை

காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்தாகிவிட்டது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. உடம்பும் தேறிவிட்டது. ஆனால், சில ஆண்டுகள் கழித்துக் காலையில் எழுந்ததும் விடாத இருமல். காறிக் காறிக் கெட்டியான மஞ்சள் சளி. மழைக்காலம் வந்தால் காய்ச்சல், சளியின் நிறம் பச்சை. எப்போதாவது சளியில் ரத்தக் கீற்று.

‘பழைய டிபி திரும்பி வந்துடுச்சோ?’ என்ற பயம் உடனே வரும். சில வீடுகளில் தட்டும் டம்ளரும் தனியாகப் போய்விடும். எக்ஸ்-ரே எடுத்தால் பழைய தழும்பு தெரியும். அதைப் பார்த்து மறுபடியும் காசநோய் மாத்திரை தொடங்கப்படுவதும் உண்டு. இன்னும் சிலருக்கு ‘ஆஸ்துமா’ என்று சொல்லப்பட்டு, வருடக்கணக்கில் இன்ஹேலர் மட்டும் போய்க்கொண்டிருக்கும். இருமலோ நின்றபாடில்லை.

இவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது வேறொரு நோய். காசநோய் போய்விட்டது, அது சிதைத்துவிட்டுப் போன மூச்சுக்குழாய் அப்படியே இருக்கிறது. மருத்துவத்தில் இதற்கு ‘பிராங்கியெக்டேசிஸ்’ என்று பெயர். தமிழில், மூச்சுக்குழாய் விரிவு நோய்.

நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது?

தொண்டையிலிருந்து இறங்கும் மூச்சுப் பெருங்குழல் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மரக்கிளைபோல இருபது முறைக்கும் மேல் கிளைத்து, கடைசியில் காற்றுப் பைகளில் முடிகிறது. இந்தக் குழாய்களின் உட்சுவரில் எப்போதும் மெல்லிய கோழை சுரந்துகொண்டே இருக்கும். நாம் சுவாசிக்கும் தூசும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ளும். உட்சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் இடைவிடாமல் அசைந்து, அந்தக் கோழையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டைக்குத் தள்ளிவிடும். நாமும் தெரியாமலே அதை விழுங்கிவிடுவோம். ஆரோக்கியமானவருக்குச் சளி தொல்லை தராததற்கு இந்த ஓயாத துப்புரவுப் பணிதான் காரணம்.

கடுமையான தொற்று ஒன்று குழாயின் சுவரைத் தாக்கினால், அதன் நெகிழும் தன்மை போய்விடுகிறது. குழாய் தளர்ந்து அகலமாகிறது; நுண்ணிழைகளும் அழிகின்றன. கரை உடைந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடாமல் குட்டையாகத் தேங்குவதுபோல, அகன்ற குழாயில் சளி தேங்குகிறது. தேங்கிய தண்ணீரில் கொசு வளர்வதுபோல, தேங்கிய சளியில் கிருமி வளர்கிறது.

கிருமியைக் கொல்ல உடல் வெள்ளை அணுக்களை அனுப்புகிறது. அவை கொட்டும் நொதிகள் கிருமியை மட்டுமா அழிக்கின்றன? குழாயின் சுவரையும் சேர்த்து அரிக்கின்றன. சுவர் மேலும் தளர்கிறது, சளி மேலும் தேங்குகிறது, கிருமி மேலும் வளர்கிறது. பிரிட்டன் மருத்துவர் பீட்டர் கோல் 1986இல் இதை ஒரு நச்சுச் சுழல் என்று விளக்கினார். இன்றைய சிகிச்சை முழுவதும் இந்தச் சுழலை எந்த இடத்தில் உடைக்கலாம் என்ற கேள்வியைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது.

நோய் புதியதல்ல. ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் ரெனே லென்னெக், 1819இல் வெளியிட்ட நூலிலேயே இதை விவரித்திருக்கிறார். ஆன்டிபயாடிக்கும் தடுப்பூசியும் வந்த பிறகு ‘இது ஒழிந்துவரும் நோய்’ என்று பணக்கார நாடுகள் நினைத்தன. சிடி ஸ்கேன் பரவலானதும்தான் எத்தனை பேர் இதோடு வாழ்கிறார்கள் என்பது தெரிந்தது. 2022 முதல் ஜூலை 1ஆம் தேதி இந்நோய்க்கான உலக விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

யாருக்கெல்லாம் வரும்?

ஐரோப்பாவில், காரணம் கண்டுபிடிக்க முடியாதவர்களே நோயாளிகளில் பெரிய பங்கு. இந்தியாவில் நிலைமை வேறு. நாடு முழுவதும் 31 மையங்களில் 2,195 நோயாளிகளைப் பதிவுசெய்த ஆய்வு 2019இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியானது. அதில் 35.5 சதவீதத்தினருக்குக் காசநோய்தான் காரணம். அடுத்த இடத்தில் நிமோனியா போன்ற மற்ற கடும் தொற்றுகள். காசநோய்ச் சிகிச்சை ஆய்வில் உலகுக்கே வழிகாட்டிய நகரம் சென்னை. காசநோயாளியை மருத்துவமனையில் அடைத்து வைக்காமல் வீட்டிலேயே மாத்திரை கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1950களின் இறுதியில் நிரூபித்தது இங்கு நடந்த ஆய்வுதான். ஆனால், மாத்திரை முடிந்த பிறகு நுரையீரல் எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்வி நாடு முழுவதுமே போதிய கவனம் பெறவில்லை.

மற்ற காரணங்கள்:

* சின்ன வயதில் வந்த கடும் நிமோனியா, தட்டம்மை, கக்குவான் இருமல்.
* ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ‘ஆஸ்பர்ஜில்லஸ்’ என்ற பூஞ்சையால் ஏற்படும் ஒவ்வாமை. இதற்குச் சிகிச்சையே வேறு என்பதால், தவறாமல் பரிசோதிக்க வேண்டும்.
* பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் குறைவு, நுண்ணிழைகள் சரியாக அசையாத பிறவிக் குறை, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்.
* முடக்குவாதம் போன்ற நோய்கள்.
* குழாயை அடைத்துக்கொண்ட பொருள். குழந்தைக்கு வேர்க்கடலை புரையேறி, அது வெளியே வராமல் மூச்சுக்குழாயில் தங்கிவிட்டால், மாதக்கணக்கில் சளியும் காய்ச்சலும் வரும். ‘அன்னைக்குப் புரையேறினதுதானே’ என்று வீட்டில் மறந்தேபோயிருப்பார்கள். அந்த ஒரு தகவல் மருத்துவருக்கு மிக முக்கியம்.

குழந்தைகளுக்கு நான்கு வாரத்துக்கு மேல் சளியோடு கூடிய இருமல் நீடித்தால், ‘வளர்ந்தா சரியாயிடும்’ என்று விட்டுவிடக் கூடாது. பெரியவர்களிடம் சிதைந்த குழாய் பழையபடி திரும்புவதில்லை. குழந்தைகளிடம் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துச் சிகிச்சை கொடுத்தால், லேசான விரிவு சரியாகவும் வாய்ப்புண்டு.

எப்படி உறுதிசெய்வது?

எக்ஸ்-ரே போதாது. நோய் இருந்தும் எக்ஸ்-ரே இயல்பாகத் தெரியலாம். நுரையீரலை மெல்லிய அடுக்குகளாகப் படம்பிடிக்கும் எச்ஆர்சிடி ஸ்கேன்தான் உறுதியான வழி. சாதாரணமாக மூச்சுக்குழாயும் அதை ஒட்டிச் செல்லும் ரத்தக்குழாயும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். இந்நோயில் மூச்சுக்குழாய் பெரிதாகி, பக்கத்தில் ரத்தக்குழாய் சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கும். படத்தில் பார்த்தால் கல் வைத்த மோதிரம்போலவே இருக்கும்.

ஸ்கேனோடு வேலை முடிவதில்லை. சளியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பி என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்க வேண்டும். மூச்சுத்திறன் சோதனை, பூஞ்சை ஒவ்வாமைக்கான ரத்தப் பரிசோதனை, எதிர்ப்புப் புரத அளவு ஆகியவையும் தேவை. காரணம் தெரிந்தால்தான், நிறுத்தக்கூடிய பாதிப்பை நிறுத்த முடியும்.

மறுபடி டிபியா, இல்லையா?

குழப்பம் அதிகம் நேரும் இடம் இதுதான். காசநோய் விட்டுச்சென்ற தழும்பு ஆயுள் முழுக்க எக்ஸ்-ரேயில் தெரியும். எனவே, எக்ஸ்-ரேயை மட்டும் வைத்து ‘திரும்ப வந்துடுச்சு’ என்று முடிவு கட்ட முடியாது. சிபிநாட் போன்ற மரபணுச் சோதனைகள்கூட, ஏற்கெனவே சிகிச்சை எடுத்தவர்களிடம் செத்த கிருமியின் மரபணுத் துணுக்கைக் கண்டு ‘இருக்கிறது’ என்று காட்டக்கூடும். சந்தேகம் இருந்தால் சளியை வளர்ப்புச் சோதனை செய்துபார்ப்பதே உறுதி.

அதேநேரம், காசநோய் உண்மையிலேயே திரும்பவும் வரலாம். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, பசியின்மை, வழக்கத்தைவிட அதிகமான இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம்; தள்ளிப்போடக் கூடாது. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ‘லெவோஃப்ளாக்சசின்’ வகை ஆன்டிபயாடிக்குகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். டிபி சந்தேகம் உள்ளவர் மருந்துக் கடையில் கேட்டு இதை வாங்கிச் சாப்பிட்டால், இருமல் தற்காலிகமாகக் குறையும், நோய் மறைந்துகொள்ளும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்.

மூச்சுக்குழாய் விரிவு நோய் தொற்றுநோய் அல்ல. காசநோய் இல்லை என்று சோதனையில் தெரிந்தபிறகு, தட்டும் டம்ளரும் தனியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பேரக் குழந்தையைத் தூக்கலாம், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரலாம்.

சிகிச்சையில் முதல் இடம் மாத்திரைக்கு அல்ல

ஆச்சரியமாக இருக்கலாம், இந்நோய்க்கு அடிப்படைச் சிகிச்சை தேங்கிய சளியைத் தினமும் வெளியேற்றுவதுதான். பல் துலக்குவதுபோல இது அன்றாட வேலையாக மாற வேண்டும். ‘சளி இல்லாதப்போ எதுக்கு?’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சளி குறைவாக இருக்கும் நாளில் செய்வதுதான், அதிகமாகும் நாளைத் தள்ளிப்போடும்.

இயன்முறை மருத்துவர் ஒருமுறை நேரில் கற்றுக்கொடுத்தால், வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய முறை இது:

1. நிமிர்ந்து உட்காருங்கள். தோளைத் தளர்த்தி, வயிற்றில் கை வைத்து, ஒரு நிமிடம் அமைதியாக மூச்சுவிடுங்கள்.
2. மூக்கு வழியாக ஆழமாக மூச்சை இழுத்து, மூன்று விநாடி நிறுத்தி, மெதுவாக விடுங்கள். மூன்று முதல் ஐந்து முறை. நிறுத்தும் அந்த நேரத்தில்தான் காற்று சளிக்குப் பின்னால் போய்ச் சேர்கிறது.
3. மறுபடி அமைதியான மூச்சு.
4. வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல ‘ஹா...’ என்று வயிற்றை இறுக்கி மூச்சைத் தள்ளுங்கள். ஒன்று அல்லது இரண்டு முறை போதும். சளி மேலே வந்தது தெரிந்தால் இருமித் துப்புங்கள்.

இதையே திரும்பத் திரும்ப 10 முதல் 20 நிமிடங்கள், நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு வேளை செய்யலாம். சாப்பிட்ட உடனே வேண்டாம். தொண்டை கிழியும்படி இருமத் தேவையில்லை. அது சளியைக் கொண்டுவருவதைவிட ஆளைத்தான் சோர்வாக்கும்.

பாதிக்கப்பட்ட பகுதி மேலே இருக்கும்படி படுத்துக்கொண்டு செய்தால், சளி இறங்கிவர எளிதாக இருக்கும். எந்தப் பகுதி என்பதை ஸ்கேன் பார்த்து மருத்துவர் சொல்வார். நெஞ்செரிச்சல், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தலையைத் தாழ்த்திப் படுக்கக் கூடாது. ரத்தம் வரும் நாளில் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேட்க வேண்டும். ஊதும்போது குழாய்களில் அதிர்வை உண்டாக்கும் சிறு கருவிகளும் இருக்கின்றன.

சளி மிகவும் கெட்டியாக இருந்தால், வழக்கத்தைவிட உப்பு அதிகமான சலைன் நீரை நெபுலைசரில் வைத்து இழுக்கச் சொல்வார்கள். இது சிலருக்கு நெஞ்சை இறுக்கும். அதனால், முதல்முறை மருத்துவமனையில் வைத்தே கொடுப்பார்கள். வரிசை முக்கியம்: மூச்சுக்குழாயைத் தளர்த்தும் இன்ஹேலர் முதலில், அடுத்து சலைன், பிறகு சளி வெளியேற்றும் பயிற்சி, இழுக்கும் ஆன்டிபயாடிக் இருந்தால் அது கடைசியில். நெபுலைசரின் குப்பியையும் முகமூடியையும் ஒவ்வொரு முறையும் கழுவி, ஈரம் போகக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் கிருமியை நாமே இழுத்துக்கொள்வதாகிவிடும்.

நோய் சீறும்போது

இந்நோயில் நல்ல நாளும் உண்டு, திடீரெனச் சீறும் நாளும் உண்டு. ஒவ்வொரு சீற்றமும் நுரையீரலில் கொஞ்சத்தைப் பறித்துக்கொண்டு போகக்கூடும். இருமல், சளியின் அளவு அல்லது கெட்டித்தன்மை, சளியின் நிறம், மூச்சுத்திணறல், அசதி, ரத்தம் வருதல் ஆகிய ஆறில் மூன்றாவது வழக்கத்தைவிட மோசமாகி இரண்டு நாள் நீடித்தால், அது சீற்றம் என்று மருத்துவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள்.

இதில் ‘வழக்கத்தைவிட’ என்ற சொல்தான் முக்கியம். ஒருவருக்கு மஞ்சள் சளியே வழக்கமாக இருக்கலாம். எனவே, நன்றாக இருக்கும் நாளில் தன் சளி எவ்வளவு, என்ன நிறம் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். நாட்காட்டியில் ஒரு வரி எழுதிவைத்தாலே போதும்.

ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பு சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுவது நல்லது. ‘சூடோமோனாஸ்’ போன்ற கிருமிகள் சாதாரண மருந்துக்கு அடங்காது. சிகிச்சை பெரும்பாலும் 14 நாள்கள். நான்காம் நாளில் இருமல் குறைந்ததும் ‘போதும்’ என்று நிறுத்தினால், அடுத்தமுறை அதே மருந்து வேலைசெய்யாமல் போகலாம். பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்குவதும் இதே ஆபத்துதான்.

வருடத்துக்கு மூன்று அல்லது அதற்கு மேல் சீற்றம் வருபவர்களுக்கு, குறைந்த அளவில் ‘அசித்ரோமைசின்’ மாத்திரையை மாதக்கணக்கில் கொடுப்பதுண்டு. அதற்கு முன் இசிஜி எடுக்க வேண்டும். கேட்கும் திறனைக் கவனிக்க வேண்டும். சளியில் காசநோய் வகையைச் சேராத மைக்கோபாக்டீரியா இல்லை என்றும் உறுதிசெய்ய வேண்டும். இதைச் சொந்தமாகத் தொடங்கக் கூடாது.

புதிய வரவு, ‘பிரென்சோகேட்டிப்’ என்ற மாத்திரை. வெள்ளை அணுக்கள் சுவரை அரிக்கும் நொதிகளைத் தயார்செய்யும் கட்டத்திலேயே இது தடுக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு அனுமதி அளித்தது. இந்நோய்க்கென்றே அங்கு அனுமதி பெற்ற முதல் மருந்து இது. சீற்றங்களைக் குறைக்கிறது, சிதைந்த குழாயைச் சரிசெய்வதில்லை. தினசரிச் சளி வெளியேற்றத்துக்கு இதுவும் மாற்று அல்ல.

ரத்தம் வந்தால்?

சளியில் நூல்போல ஒரு கீற்று வந்தால் பதற வேண்டாம். ஆனால், அன்றே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இருமும்போது சளியில்லாமல் ரத்தமாகவே திரும்பத் திரும்ப வந்தாலோ, மூச்சுத்திணறல் சேர்ந்தாலோ, ‘காலையில பாத்துக்கலாம்’ என்று காத்திருக்கக் கூடாது. 108ஐ அழைக்க வேண்டும். எந்தப் பக்க நுரையீரலில் பாதிப்பு என்று தெரிந்திருந்தால், அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம். நல்ல நுரையீரலுக்குள் ரத்தம் போகாமல் தடுக்கும் வழி இது. கசியும் ரத்தக்குழாயை, மெல்லிய குழாய் வழியாகச் சென்று உள்ளிருந்தே அடைக்கும் சிகிச்சை பெரிய மருத்துவமனைகளில் உண்டு. சிலருக்குச் சளி அதிகம் இல்லாமலே ரத்தம் மட்டும் வரும். காசநோய் நுரையீரலின் மேல்பகுதியைப் பாதித்தவர்களிடம் இதைப் பார்க்கலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

புகை இந்நோய்க்குப் பகை. பீடி, சிகரெட் மட்டும் அல்ல. விறகடுப்பு, கொசுவத்திச் சுருள், சாம்பிராணி, போகியன்று கொளுத்தும் பழைய பாய், தீபாவளிப் பட்டாசு எல்லாம் இதில் சேர்த்தி.

தூதுவளை ரசம், மிளகு ரசம், சுடுநீர் குடிப்பது தொண்டைக்கு இதம், தடையில்லை. ஆனால், அவை சிகிச்சை ஆகாது. ஆவி பிடிக்கப்போய்க் கொதிநீர் கொட்டிக்கொண்டவர்கள் உண்டு, கவனம். இருமலை அடக்கும் சிரப்பும், சளியை உலர்த்தும் அலர்ஜி மாத்திரையும் இந்நோயில் பெரும்பாலும் கெடுதல். வெளியே வர வேண்டிய சளி உள்ளேயே கட்டிக்கொள்ளும்.

எடை குறைவது கெட்ட அறிகுறி. முட்டை, மீன், பருப்பு, சுண்டல் என்று புரதம் தினமும் தட்டில் இருக்கட்டும். நடைப்பயிற்சி அவசியம், மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற வேகத்தில் நடக்கலாம். ஃப்ளூ, நிமோகாக்கல் தடுப்பூசிகள் குறித்து மருத்துவரிடம் கேளுங்கள்.

பெண்கள் பலர் வெளியே சொல்லாத ஒன்றும் இருக்கிறது. தொடர்ந்து இருமுவதால், இருமும்போது சிறுநீர் கசியும். அந்தக் கூச்சத்திலேயே இருமலை அடக்கிக்கொள்வார்கள், பேருந்துப் பயணத்தையும் விசேஷ வீடுகளையும் தவிர்ப்பார்கள். தண்ணீரையும் குறைத்துக்கொள்வார்கள், உடலில் நீர் குறைந்தால் சளி இன்னும் கெட்டியாகும். இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியால் இது பெருமளவு கட்டுக்குள் வரும். மருத்துவரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

அடுத்தமுறை மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

காசநோய் வந்து குணமானவருக்கோ, நிமோனியாவால் படுத்து எழுந்தவருக்கோ இரண்டு மாதத்துக்கு மேல் சளியோடு இருமல் இருந்தால், இந்தக் கேள்விகளைக் கேட்கலாம்:

* எனக்கு எச்ஆர்சிடி ஸ்கேன் தேவையா?
* சளியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பலாமா?
* டிபி மாத்திரை மறுபடி தொடங்குவதாக இருந்தால், எந்தச் சோதனையின் அடிப்படையில்?
* எனக்கு இந்தப் பாதிப்பு ஏன் வந்தது? பூஞ்சை ஒவ்வாமை இருக்கிறதா?
* சளி வெளியேற்றும் பயிற்சியை யாரிடம் கற்றுக்கொள்வது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நெஞ்சக நோய்ப் பிரிவிலும், தாம்பரம் சானடோரியம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையிலும் இதற்கான மருத்துவர்கள் இருக்கிறார்கள். பழைய எக்ஸ்-ரே, ஸ்கேன், டிபி சிகிச்சை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய எக்ஸ்-ரேயிலும் அதே தழும்பு அப்படியே இருந்தால், அது பழையது என்று மருத்துவர் ஒப்பிட்டுச் சொல்ல முடியும். தேவையில்லாமல் இன்னொரு ஆறு மாத மாத்திரையைத் தவிர்க்க, சில நேரம் அந்தப் பழைய படம் ஒன்றே போதும்.